கடிவிசை ஊறு: ஒரு கலைச்சொல் முன்மொழிவும் மறுமொழியும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பற்கள் ஒன்றையொன்று அழுத்தும் விசையால் பல்லைத் தாங்கும் திசுக்களுக்குச் சேதம் நேரும் நிலையைப் பல் மருத்துவ நூல்கள் 'டிராமா ஃப்ரம் அக்லூஷன்' என்று குறிப்பிடுகின்றன. அதற்குத் தமிழ்ச் சொல் கேட்டுத் தொடங்கிய இந்த இழையில் 'பல்லடைப்புக் காயம்', 'கடி அதிர்ச்சி', 'மிகைக்கடி நோய்', 'ஈறு நசிவு' என நான்கு முன்மொழிவுகள் வந்துள்ளன. பழைய வண்ணாரப்பேட்டையில் பல் மருத்துவம் பார்த்துவருபவள் என்ற முறையில் இந்த நான்கையும் ஏற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது. அதன் காரணங்களையும், மாற்றாக ஒரு சொல்லையும் எழுதுகிறேன்.

முதலில் பொருளைப் பார்ப்போம். பல், எலும்பில் ஆணிபோல் அறையப்பட்டிருக்கவில்லை. வேருக்கும் பற்குழி எலும்புக்கும் இடையே, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கே அகலமுள்ள இடைவெளியில், எண்ணற்ற நார்கள் ஒரு முனையை வேரை மூடியுள்ள, 'சிமெண்டம்' எனப்படும் காரைப் படலத்திலும் மறுமுனையை எலும்பிலும் புதைத்துக்கொண்டு பல்லை ஊஞ்சல்போல் தாங்குகின்றன. மெல்லும்போது எழும் விசையை வாங்கிக்கொள்பவை இந்த நார்களும், அவற்றினூடே ஓடும் இரத்த நாளங்களும், அங்குள்ள நீர்மமும்தான். தாங்கும் அளவை மீறி விசை வந்தால், பல் சாயும் பக்கத்தில் நார்கள் நசுங்கி இரத்த ஓட்டம் தடைபடுகிறது. எலும்பைக் கரைக்கும் உயிரணுக்கள் அங்கே கூடுகின்றன. எதிர்ப்பக்கத்தில் நார்கள் இழுபடுகின்றன. உடல் உடனே புதிய நாரையும் எலும்பையும் உண்டாக்கிச் சீர்செய்ய முனைகிறது. விசை ஓயாவிட்டால், அந்த இடைவெளியையே அகலமாக்கிப் பல்லுக்கு அசைய இடம் கொடுத்துவிடுகிறது. பல் ஆடத் தொடங்குவதும், எக்ஸ்ரே படத்தில் வேரின் மேற்பகுதியை ஒட்டிய கருங்கோடு புனல்போல் விரிந்து தெரிவதும் இதனால்தான்.

1917-இல் ஸ்டில்மேன் என்ற பல் மருத்துவர் தந்த வரையறை, தாடைகளை மூடும் செயலாலேயே பல்லைத் தாங்கும் அமைப்புகளுக்கு நேரும் காயம் என்கிறது. 1978-இல் உலக சுகாதார நிறுவனம் தந்த வரையறை, எதிர்த்தாடைப் பற்களால் நேராகவோ மறைமுகமாகவோ பல்லின் மீது உண்டாகும் தகைவு (அழுத்தம்), பல்லைச் சூழ்ந்து தாங்கும் பற்சூழ் திசுக்களில் விளைவிக்கும் சேதம் என்கிறது. இரண்டிலும் பெயர் பெறுவது சேதமே. விசை அதன் காரணம் மட்டுமே. 2017-இல் பற்சூழ் நோய்களை வகைப்படுத்தச் சிகாகோவில் கூடிய உலகப் பயிலரங்கு இந்த வேறுபாட்டை இன்னும் தெளிவாக்கி, ஊறு (சேதம்) செய்யும் விசைக்கு ஒரு பெயரும், அந்த விசையால் திசுவில் நேரும் ஊறுக்கு வேறொரு பெயரும் என்று பிரித்துவைத்தது. நம் சொல்லும் இந்தப் பிரிவைக் காக்க வேண்டும் என்பதே என் முதன்மையான கருத்து.

'பல்லடைப்புக் காயம்' என்பதை எடுத்துக்கொள்வோம். இரத்த நாளம் அடைபடுவதற்கும் பற்கள் பொருந்தி மூடுவதற்கும் ஆங்கிலத்தில் 'அக்லூஷன்' என்ற ஒரே சொல் வழங்குவதால், அகராதியில் 'அடைப்பு' என்றிருந்ததை அப்படியே எடுத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. ஆனால் தமிழில் பல்லை அடைப்பது என்றால் சொத்தைக் குழியில் மருந்து வைத்து மூடுவது. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அடைத்த சிமெண்ட் சற்றே உயரமாக நின்றுவிட்டால் அந்தப் பல்லுக்கு உண்மையிலேயே இதே சேதம் நேரும் என்பதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. நானே ஒருவருக்கு அப்படி அடைத்து அனுப்பிவிட்டு, இரண்டு நாள் கழித்து, "இந்தப் பல்லு மட்டும் இடிக்குது டாக்டரம்மா, இட்லி கூடக் கடிக்க முடியல" என்று அவர் திரும்பி வந்தபோது, பற்கள் தொடும் இடங்களில் மை பதிக்கும் நீலத்தாளைக் கடிக்கச் சொல்லிப் பார்த்தேன். மற்றப் பற்களில் மெல்லிய புள்ளிகள். அந்தக் கடைவாய்ப் பல்லில் மட்டும், நடுவில் மை வழிக்கப்பட்டு வெளுத்து, சுற்றிலும் அடர்ந்த வளையம். அந்த இடத்தைத் தேய்த்துவிட்டதும் சில நாள்களில் வலி நின்றது. அவருக்கு நேர்ந்ததை 'பல்லடைப்புக் காயம்' என்று எழுதினால், எல்லா அடைப்புமே காயம் செய்யும் என்றல்லவா படிப்பவர் எண்ணுவார்?

'அதிர்ச்சி' இன்று மனத்தைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது என்பது ஒருபுறம் இருக்க, 'அதிர்வு' என்ற சொல் இதே துறையில் வேறொன்றுக்குத் தேவைப்படுகிறது. காசிமேட்டில் வலை பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர், நைலான் நூலை மேல் முன்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையே கவ்வி இழுத்து முடிச்சை இறுக்கும் பழக்கம் உடையவர். ஈறு சிவக்கவில்லை, சீழ் இல்லை, ஈற்றுக்கும் பல்லுக்கும் இடையே அளவுகோலை விட்டுப் பார்த்தால் ஆழமும் இல்லை. ஆனால் பல் ஆடியது. என் ஆள்காட்டி விரல் நுனியைப் பல்லிலும் ஈற்றிலும் படுமாறு வைத்து, "டக் டக்குன்னு கடிங்க" என்றேன். ஒவ்வொரு கடிக்கும் பல் முன்புறம் உந்தப்படுவதை விரல் உணர்ந்தது. இந்த அறிகுறிக்குத்தான் 'கடியதிர்வு' என்ற பெயர் பொருந்தும்.

'ஈறு நசிவு' வேண்டாம். இந்த விசை நார்களையும் எலும்பையும்தான் தாக்குகிறது. ஈற்றின் விளிம்புக்கு இரத்தம் வேறு வழியாகவும் வருவதால் அது பெரும்பாலும் பாதிக்கப்படுவதில்லை.

'மிகைக்கடி நோய்' என்பதில் இரு பகுதிகளும் இடறுகின்றன. வலை பின்னும் பெரியவரின் எலும்பு முழு உயரத்தில் இருந்தது, விசைதான் மிகை. ஆனால் தண்டையார்பேட்டையிலிருந்து வரும் ஓர் அம்மாவுக்குப் பல ஆண்டு ஈறு நோயால் பாதி எலும்பு கரைந்துவிட்டது. எஞ்சிய தாங்கலுக்குச் சாதாரணமாகச் சோறு மெல்லும் விசையே பொறுக்க முடியாத சுமையாகிறது. அவரிடம் மிகையான கடி எதுவும் இல்லை. ஆகவே பொதுச்சொல்லில் 'மிகை' வரக்கூடாது. 'நோய்' என்பது அதைவிடப் பெரிய பிழைக்கு வழிகோலும். 1960-களில் கிளிக்மன் என்ற ஆய்வாளர், கடிவிசையும் பல்லில் படியும் கிருமிப் படலமும் சேர்ந்தால் அழற்சி பரவும் பாதையே மாறி எலும்பு சாய்வாகக் கரையும் என்றார். 1979-இல் வேர்ஹாக் என்ற மற்றோர் ஆய்வாளர், விசைக்கு அதில் பங்கில்லை என்று மறுத்தார். விலங்குகளில் நடந்த ஆய்வுகள் ஒன்றை உறுதியாகக் காட்டின: கிருமிப் படலம் இல்லாத வாயில் விசை மட்டும் பல்லை ஆடச் செய்யுமே தவிர, ஈறு பல்லைவிட்டு விலகி ஆழமாகும் ஈற்றுப் பையை உண்டாக்காது, விசையை நீக்கினால் ஆட்டமும் பெருமளவு குறையும். 'நோய்' என்று பெயரிட்டால் இந்த வேறுபாடு அழிந்துபோகும்.

ஆகவே பொதுச்சொல்லாகக் 'கடிவிசை ஊறு' என்பதை முன்வைக்கிறேன். ஆங்கிலத்தில் 'முதல்நிலை', 'இரண்டாம் நிலை' என்று பிரிப்பதையும் அப்படியே பெயர்க்க வேண்டாம். அவ்வாறு பெயர்த்தால் ஒரே நோய் முற்றிய படிகள் என்று மாணவர் நினைப்பார்; என் படிப்புக் காலத்தில் நானே நெடுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். வலுவான தாங்கலின் மீது அளவுமீறிய விசை விழுவதை 'மிகைவிசை ஊறு' என்றும், குறைந்துபோன தாங்கலின் மீது விசை விழுவதைத் 'தாங்குகுறை ஊறு' என்றும் சொன்னால், காரணம் சொல்லிலேயே தெரியும். சிகிச்சை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதும் தெரியும்.

அன்புடன்,
பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து

மறுமொழி (பெரம்பூரிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்):

அம்மா, தங்கள் விளக்கத்துக்கு நன்றி. சேதத்தையும் விசையையும் பிரிப்பதில் எனக்கு முழு உடன்பாடு. ஆயினும் இரண்டு ஐயங்கள் உள்ளன. 'ஊறு' என்பது இன்றைய மாணவர்க்கு 'ஊறுகாய்' நினைவையே தருமோ என்று அஞ்சுகிறேன்; 'காயம்' எளிதல்லவா? மேலும், உங்கள் நோயாளியே 'இடிக்குது' என்று ஓர் அருமையான சொல்லைத் தந்திருக்க, அதை ஏன் கைவிட்டீர்கள்? மக்கள் வாயில் பிறந்த சொல்லுக்கு இருக்கும் உயிர் நாம் ஆக்கும் சொல்லுக்கு வருமா? 'கடியிடி' என்று வைத்துப் பாருங்கள்.

பதில்:

ஐயா, வணக்கம். 'காயம்' என்றதும் நோயாளிகள் வாய்க்குள் புண்ணையும் இரத்தத்தையும் தேடுகிறார்கள். 'கடிகாயம்' என்று சேர்த்துச் சொன்னால் நாய் கடித்ததாகவே பொருள் கொள்கிறார்கள். இங்கே தோல் கிழிவதில்லை, வெளியில் எதுவும் தெரிவதில்லை. 'ஊறு விளைவித்தல்' என்ற வழக்கு செய்தித்தாளில் இன்றும் இருப்பதால் சொல் அந்நியமாகிவிடவில்லை. தாங்கள் அறிந்ததுதான், சுவை, ஒளி, ஊறு, ஓசை, நாற்றம் என்று ஐம்புலன்களைச் சொல்லும்போது 'ஊறு' என்பது தொடுதலையும் குறிக்கும்; பல்லைப் பல் தொடுவதால் பிறக்கும் சேதத்துக்கு இதைவிட நெருங்கிய சொல் எனக்குத் தென்படவில்லை.

'இடி' பற்றித் தாங்கள் சொன்னது என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. நோயாளி 'இடிக்குது' என்று சொல்வது சேதத்தை அன்று. மற்றப் பற்கள் சேருமுன் ஒரு பல் மட்டும் முந்திக்கொண்டு எதிர்ப்பல்லைத் தொடுவதைத்தான் சொல்கிறார். அதற்கு நூல்களில் தனிப் பெயர் உண்டு. தமிழில் 'முந்துதொடுகை' என்று எழுதிவந்தோம். அதை நீக்கிவிட்டு 'முன்னிடிப்பு' என்று நம் கலைச்சொல் அட்டவணையில் சேர்க்க முன்மொழிகிறேன். அந்தச் சொல்லை நான் எந்த நோயாளிக்கும் விளக்க வேண்டியிராது.

பெயரிட எஞ்சியிருப்பது பல்லை எலும்போடு இணைக்கும் அந்த நார். 'பற்சூழ் நார்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அது பல்லைச் சூழ்வதைவிடப் பிணைப்பதால் 'பற்பிணை நார்' எனலாமா என்று கேட்கிறேன். 'பல்தாங்கு நார்' பொருளில் மிகச் சரி, ஆனால் புணர்த்தி எழுதினால் 'பற்றாங்கு' ஆகிப் பல்லே மறைந்துவிடுகிறது. இதில் தங்கள் முடிவுக்குக் காத்திருக்கிறேன்.