நெக்ஸ்பிளனான் ஜே7307: யூனிட் 1 போடுவதா, 68 போடுவதா?

கேள்வி:
வணக்கம். அமெரிக்காவிலுள்ள ஒரு மகளிர் மருத்துவ கிளினிக்கின் கிளெய்ம்களை (காப்பீட்டு நிறுவனத்திடம் பணம் கோரும் விண்ணப்பங்களை) சென்னையிலிருந்து கவனிக்கும் குழுவில் பணிபுரிகிறேன். கையில் பொருத்தும் நெக்ஸ்பிளனான் கருத்தடைக் குச்சிக்கு, ஜே7307 என்ற பில்லிங் குறியீட்டில் 68 யூனிட் போட்டு அனுப்பப்பட்ட கிளெய்ம், யூனிட் வரம்பைத் தாண்டிவிட்டதாக டினையல் ஆகி (பணம் தர மறுக்கப்பட்டு) வந்திருக்கிறது. டெப்போ-புரோவேரா கருத்தடை ஊசிக்கு 150 யூனிட் போடும்போது, 68 மில்லிகிராம் மருந்துள்ள குச்சிக்கு 68 போடுவதில் என்ன தவறு என்று குழுவில் சிலர் கேட்கிறார்கள். எது சரி? இதை எப்படித் திருத்தி அனுப்புவது?

பதில்:
1 யூனிட்தான் சரி. மருந்தின் அளவை வைத்து யூனிட்டை முடிவு செய்யாமல், குறியீட்டின் விளக்கம் எதை ஓர் அலகாகக் கொள்கிறது என்று பாருங்கள். ஜே7307 குச்சியையும் அதனுடன் வரும் பொருள்களையும் ஒரே தொகுப்பாகக் குறிக்கிறது. டெப்போ-புரோவேராவுக்கான ஜே1050-இன் விளக்கமோ ‘1 மில்லிகிராம்’ என்று முடிவதால், தசையில் 150 மில்லிகிராம் போட்டால் 150 யூனிட், தோலுக்கடியில் 104 மில்லிகிராம் போட்டால் 104 யூனிட். மிரீனா என்ற கருப்பைச் சாதனத்துக்கான ஜே7298 விளக்கத்தில் ‘52 மில்லிகிராம்’ என்று இருப்பது பலரைத் தடுமாற வைக்கிறது. அது முழுச் சாதனத்திலும் உள்ள மருந்தின் அளவு என்பதால் அதற்கும் 1 யூனிட்தான்.

என்டிசி (மருந்துப் பொருளை அடையாளம் காட்டும் தேசிய மருந்துக் குறியீட்டு எண்) அளவு இதிலிருந்து வேறானது. சிஎம்எஸ்-1500 என்ற கிளெய்ம் படிவத்தில் 24ஜி கட்டத்தில் ஜே குறியீட்டின் யூனிட்டும், அந்த வரியின் நிழலிட்ட மேற்பகுதியில் என்டிசி எண்ணும் அதற்குரிய அளவும் வரும். குச்சிக்கு யுஎன்1 (எண்ணிக்கையில் ஒன்று), ஒரு மில்லிலிட்டர் டெப்போ குப்பிக்கு எம்எல்1 (ஒரு மில்லிலிட்டர்). ஆகவே, ஒரே ஊசிக்கு ஓரிடத்தில் 150 என்றும் இன்னோரிடத்தில் 1 என்றும் இருப்பது முரண்பாடு அல்ல.

பேயர் (பணம் தரும் காப்பீட்டு நிறுவனம்) பரிசீலித்து மறுத்த கிளெய்ம் என்றால், பொதுவாக 22ஆம் கட்டத்தில் 7 என்று குறித்து, பேயர் தந்த பழைய கிளெய்ம் எண்ணுடன் திருத்திய கிளெய்மாக அனுப்ப வேண்டும். புதிதாக அனுப்பினால் டூப்ளிகேட் என்று திரும்பக்கூடும். கிளெய்மைச் சரிபார்த்து பேயருக்கு அனுப்பும் இடைநிலை நிறுவனமான கிளியரிங்ஹவுஸிலேயே ரிஜெக்ட் ஆகியிருந்தால் புதிதாகவே அனுப்பலாம். அதுவரை அந்தப் பெண்ணுக்கு பில் போகாமல் தயவுசெய்து நிறுத்தி வையுங்கள். பெரும்பாலான தனியார் காப்பீடுகள் கருத்தடைச் சாதனத்துக்கு நோயாளியிடம் பணம் கேட்கக் கூடாது என்பது அங்குள்ள சட்டம். நம் பக்கத்து யூனிட் பிழைக்காக அவர் கலங்கக் கூடாது.

கேட்டவர்:
மிக்க நன்றி, இப்போது புரிகிறது. இன்னொரு நோயாளிக்குக் குச்சியை ஸ்பெஷாலிட்டி ஃபார்மசி (சிறப்பு மருந்துகளை வழங்கும் மருந்தகம்) நேரடியாக கிளினிக்குக்கு அனுப்பியிருக்கிறது. அவருக்கும் ஜே7307 போடலாமா?

பதில்:
போடக் கூடாது. குச்சிக்கான தொகையை ஃபார்மசியே காப்பீட்டில் கோரியிருக்கும் என்பதால், பொருத்தியதற்கான 11981 குறியீட்டை மட்டும் போடுங்கள். கருப்பைச் சாதனமாக இருந்தால் 58300.

பணம் வந்துவிட்ட ஜே1050 கிளெய்ம்களையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஜே7307-க்கு 68 போட்டால் டினையல் வந்து தெரிந்துவிடும். ஜே1050-க்கு 150 போட வேண்டிய இடத்தில் 1 போட்டிருந்தால், ஒரு மில்லிகிராமுக்கான தொகை மட்டும் வந்து கணக்கு முடிந்துவிடுவதால் அது யார் கண்ணிலும் படாது.