தமிழில் வலைச் சித்திரக்கதை வரைபவருக்குப் பணம் எந்த வழியாக வருகிறது? ஒப்பந்தம் ஒன்று கையில் இருக்கிறது

கொலுசுப்பட்டறை, சேலம்:

அனைவருக்கும் வணக்கம். சிவதாபுரத்துக் கொலுசுப் பட்டறை ஒன்றைக் களமாகக் கொண்ட சித்திரக்கதையை ஒன்றரை ஆண்டுகளாக, வாரம் ஓர் அத்தியாயம் என்று இணையத்தில் வெளியிட்டு வருகிறேன். பகலில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் வேலை; வரைவதெல்லாம் இரவு பத்து மணிக்கு மேல்தான். இதுவரை 71 அத்தியாயங்கள் முடிந்திருக்கின்றன. இன்ஸ்டாகிராமில் 11,000 பேர் பின்தொடர்கிறார்கள். ஆனால், கதையை ஏற்றியிருக்கும் தளத்தின் விளம்பரப் பங்கு, பணம் எடுப்பதற்கான குறைந்தபட்சத் தொகையை ஒருமுறைகூட எட்டவில்லை. வாசகர்கள் தாமாக அனுப்பியது மொத்தம் 6,400 ரூபாய்.

இந்த நிலையில், கைப்பேசிச் செயலி நடத்தும் நிறுவனம் ஒன்று அத்தியாயத்துக்கு 1,500 ரூபாய் தருவதாகச் சொல்லி நான்கு பக்க ஒப்பந்தத்தை அனுப்பியிருக்கிறது. ‘அனைத்து உரிமைகளும் நிரந்தரமாக, உலகம் முழுவதற்கும்’ என்று அதில் ஒரு வரி இருக்கிறது. மாதம் 6,000 ரூபாய் நிச்சயம் என்பதால் கையெழுத்துப் போடச் சொல்லி வீட்டில் வற்புறுத்துகிறார்கள். இத்தொழிலில் இருப்பவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மிளகுக்கொடி, ஏற்காடு:

தங்கைக்கு வணக்கம். விளம்பரப் பங்கை நம்பி நானும் இரண்டு ஆண்டுகளைத் தொலைத்தவன்தான். ஆத்தூரிலிருந்து படிப்பவரைவிட அமெரிக்காவிலிருந்து படிப்பவருக்கு விளம்பரதாரர் பல மடங்கு கொடுக்கிறார் என்பதால், தமிழில் மட்டும் வரைகிற நமக்கு அந்தக் கணக்கு ஒருபோதும் கட்டுப்படியாகாது.

அடுத்ததாக வெளிநாட்டுச் சந்தாத் தளம் ஒன்றில் மாதம் 50 ரூபாய் என்று வைத்துப் பார்த்தேன். தானாகப் பிடித்தம் செய்யும் கட்டணங்களுக்கு ரிசர்வ் வங்கி கொண்டுவந்த புதிய விதிகள் 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்ததும், என் வாசகர்களில் பாதிப் பேரின் கார்டுகள் அடுத்த மாதமே செல்லாமல் போயின. அவர்கள் யாரும் கோபித்துக்கொண்டு விலகவில்லை; பணம் போகவில்லை என்பதே பலருக்குத் தெரியாது. அதற்குப் பிறகு மாதச் சந்தாவையே விட்டுவிட்டு, ஆறு மாதத்துக்கு 300 ரூபாயை யுபிஐ வழியாக ஒரே தவணையில் வாங்கிக்கொள்கிறேன். தற்போது 140 பேர் இருக்கிறார்கள். இரண்டு வாரம் முன்கூட்டியே அத்தியாயம் கிடைக்கும் என்பதைவிட, பென்சிலில் போட்டு அடித்துத் திருத்திய பக்கத்தை அப்படியே பார்ப்பதற்குத்தான் அவர்கள் ஆசைப்படுகிறார்கள் என்பது எனக்கே வியப்பாக இருந்தது.

ஆனாலும், என் வருமானத்தில் பாதிக்கு மேல் வருவது வேறு இடத்திலிருந்து. கதையில் காப்பிக் கொட்டை காய்கிற களத்தை ஒரு பக்கம் முழுக்க வரைந்திருந்தேன். அதைப் பார்த்த தோட்டக்காரர் ஒருவர் தம்முடைய காப்பித்தூள் பொட்டலத்துக்கு அதே மாதிரி படம் கேட்டார், அவர் சொல்லி விடுதிக்காரர் இருவர் வந்தார்கள். கொலுசுக் கடைகள் நிறைந்த ஊரில் கொலுசுக் கதை வரைகிறீர்கள். இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

கணக்கும் வழக்கும், ஐந்து ரோடு:

ஒப்பந்தத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 19ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். உரிமை மாற்றம், அதாவது உரிமையையே இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவது, எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்கிறது. இந்த இரண்டு கதவுகளையும் அடைப்பதற்காகத்தான் ‘நிரந்தரமாக, உலகம் முழுவதற்கும்’ என்று எழுதியிருக்கிறார்கள். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும் என்ற விதியும் உண்டு; ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் அது பொருந்தாது. ஆகவே, அதையும் தேடிப் பாருங்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு, இன்று வழக்கத்தில் இல்லாத ஊடகத்துக்கான உரிமை, பெயர் சொல்லி எழுதாத வரை கைமாறாது.

உரிமை மாற்றம் என்பதற்குப் பதிலாக, செயலியில் மட்டும் மூன்று ஆண்டுகளுக்கு வெளியிடும் உரிமம் என்று மாற்றித் தரும்படி கேளுங்கள். அச்சுப் புத்தகம், திரைப்படம், பொம்மை ஆகிய மூன்றும் உங்களிடமே இருக்கட்டும். ஜிஎஸ்டி பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம். சேவைகளுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்போதுதான் பொதுவாகப் பதிவு கட்டாயம்.

தறிக்காரர் பேத்தி, அம்மாபேட்டை:

உரிமை உரிமை என்று பேசுபவர்கள், மாதம் 6,000 ரூபாய் என்பது பல வீடுகளில் வாடகை என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். இந்தக் கதையை நீங்களே வைத்துக்கொண்டு, அவர்களுக்கென்று வேறொரு சிறிய கதையை வரைந்து கொடுக்கலாமே?

பாரம்16, செவ்வாய்ப்பேட்டை:

நான் அச்சகத்துக்காரன். கீழ்நோக்கி உருட்டிப் படிக்கும் கதைகளைப் புத்தகமாக்கக் கொண்டுவருபவர்கள் எல்லோரிடமும் ஒரே சிக்கலைப் பார்க்கிறேன். திரைக்கு 800 பிக்சல் அகலம் போதும்; அதையே 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அச்சடித்தால் ஏழு சென்டிமீட்டர்கூட வராது, ஏறக்குறைய ஒரு தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிது. இனிமேலாவது 2,400 பிக்சலுக்குக் குறையாமல் வரைந்துவிட்டு, ஏற்றும்போது சுருக்குங்கள். பக்க எண்ணிக்கையைப் பதினாறின் மடங்காக வைத்தால் பாரம் (பதினாறு பக்கங்கள் சேர்ந்து அச்சாகும் தாள்) வீணாகாது. முதல் பதிப்புக்கு, தகடு செய்து மொத்தமாக அடிக்கும் ஆஃப்செட் வேண்டாம். முன்பதிவு எத்தனை வருகிறதோ அத்தனையை மட்டும் டிஜிட்டலில் அடியுங்கள். திரையில் பளிச்சென்று தெரியும் நீலமும் பச்சையும் தாளில் மங்கும் என்பதால், ஒரு பக்கத்தை முதலில் அடித்துப் பார்த்துவிடுவது நல்லது.

கொலுசுப்பட்டறை, சேலம்:

அனைவருக்கும் நன்றி. மூன்றாண்டு உரிமம் கேட்டு நேற்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். அம்மாபேட்டை அக்கா சொன்ன மாற்று வழியையும் அதிலேயே எழுதியிருக்கிறேன். பாரம்16 ஐயாவுக்கு ஒரு கேள்வி: என் கோப்புகள் எல்லாம் 1,080 பிக்சல் அகலம் கொண்டவை. முதல் பத்து அத்தியாயங்களை மட்டும் பெரிதாகத் திரும்ப வரைந்துகொண்டு வந்தால், 48 பக்கத்தில் சென்டர் பின் அடித்துத் தர முடியுமா?

பாரம்16, செவ்வாய்ப்பேட்டை:

48 பக்கம் என்றால் சரியாக மூன்று பாரம். ஞாயிற்றுக்கிழமை தவிர எந்த நாளிலும் பென் டிரைவோடு வாருங்கள்.