ஆச்சிக்கும் பேரனுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டேன், ஐடியா குடுங்க ப்ளீஸ்

எல்லாருக்கும் வணக்கம். எங்கம்மா அம்பாசமுத்திரத்துல தனியா இருக்காங்க, நாங்க சென்னை. லீவுன்னா நெல்லை எக்ஸ்பிரஸ் பிடிச்சு ஓடிருவோம். இந்த தடவை கிளம்புற அன்னிக்கு அம்மா அடுப்படில வச்சு கண்ணு கலங்கி "நான் அவனுக்கு ஆச்சியா, இல்ல சோறு போடுற மெஸ்ஸாடி"ன்னு கேட்டுட்டாங்க. பையனுக்கு 14 வயசு, பத்து நாளும் போனுதான், அவனுக்குன்னு டப்பால கட்டி வச்ச கைமுறுக்க கூட ஸ்க்ரீன பாத்துக்கிட்டே தான் தின்னான்.

ட்ரெயின்ல அவன்ட்ட கேட்டா "என்னம்மா, நம்ம வீட்ல நான் ஆச்சி கூடத்தான் ரொம்ப க்ளோஸ், அவங்க பக்கத்துல உக்காந்துதான கேம் ஆடுவேன்"ங்கான். எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. ஆனா யோசிச்சா அதுவும் நெசந்தான், வீடு பூரா இடம் கெடந்தும் ஆச்சி கட்டில் ஓரத்துலதான் கெடந்தான் பய.

ஒருநா கரண்ட் போயி ரெண்டு பேரும் பல்லாங்குழி ஆடுனாங்க, 14 குழி, குழிக்கு அஞ்சு புளியங்கொட்டை. ஆச்சி தோக்கவே இல்ல, இவன் "இன்னொரு ஆட்டம்"னு கெஞ்சிட்டு இருந்தான். அப்புறம் கரண்ட் வந்துருச்சு, அவ்ளோதான்.

போன புடுங்குனா சண்டைதான், அது வேண்டாம். இந்த வயசு பிள்ளைங்க வச்சிருக்கவங்க என்ன பண்றீங்க? அவன் ட்ரெயின்ல சொன்னத அம்மாட்ட எப்படி சொல்றது? பொங்கலுக்கு மறுபடி போறோம்.