சாசரை மூலத்தில் வாசித்தால் ஓசை இடறுகிறதே, ஏன்?

ஈசூன் வளவன்
வணக்கம். மாதம் ஒரு சனிக்கிழமை நாங்கள் ஐந்தாறு பேர் ஈசூன் நூலகத்தில் கூடிப் படிக்கிறோம். அடுத்தது பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசரின் கேன்டர்பரி கதைகள், 858 வரி கொண்ட முன்னுரைப் பகுதி மட்டும். வரிக்கு ஐந்து அழுத்தம் என்கிறார்கள். இன்றைய உச்சரிப்பில் படித்தால் பல வரிகளில் அசை குறைகிறது, ‘லிகர்’, ‘ஃப்ளவர்’ என்று இயைபும் சேரவில்லை. எப்படிப் படிப்பது? வணிகன் பகுதியில் மிடில்பர்க், ஆர்வெல் என இரண்டு ஊர் வருகின்றன. எங்கள் பதிப்பில் அடிக்குறிப்பு இல்லை. அவை ஏன் அங்கே?

செங்காங் மல்லிகா
வளவன், முதலில் உயிரெழுத்துகளைச் சரிசெய்யுங்கள், பாதி வேலை முடிந்துவிடும். ஆங்கில நெடில்களின் ஒலி மாறியது சாசர் 1400இல் இறந்த பிறகுதான். அதனால் எழுதியபடியே படிக்க வேண்டும்: ‘டைம்’ அல்ல ‘டீம’, ‘நேம்’ அல்ல ‘நாம’, ‘ஹவுஸ்’ அல்ல ‘ஹூஸ்’. இப்போது பாருங்கள், லிகூர், ஃப்ளூர். இயைபு தானாக வந்து உட்காரும்.

அடுத்தது சொல்லின் கடைசியில் வரும் ஆங்கில ‘இ’ (e) எழுத்து. அதுதான் உங்களிடம் குறையும் அசை. வாய் சோர்ந்து சொல்லும் ‘அ’ போல அதை ஒலிக்க வேண்டும். வரியின் கடைசியில் வந்தால் எப்போதும் ஒலியுங்கள்: முதல் இரண்டு வரிகள் ‘ஸோட்ட’ (soote), ‘ரோட்ட’ (roote) என்றுதான் முடிகின்றன. வரிக்கு நடுவே, அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் விழுங்கிவிடுங்கள். இரண்டாம் வரியில் ‘ட்ரோஹ்ட்ட’வும் (droghte, வறட்சி) ‘ஆஃப்’பும் சேர்ந்து ‘ட்ரோஹ்ட்டாஃப்’ ஆகிவிடும். நாடு, எங்கே என்ற இரண்டும் ‘நாடெங்கே’ ஆகிறதே, நம் குற்றியலுகரம் கெடுவது போலத்தான். ஹிஸ், ஹத் போன்ற மெலிந்த சொற்களுக்கு முன்னும் அப்படியே. அதே வரியில் ‘பெர்ஸெட்’ (perced) இரண்டு அசை; ‘பியர்ஸ்ட்’ என்று ஓரசையாகப் படித்தால் வரி நொண்டும். ‘அவர்’ (oure), ‘ஹர்’ (hire) போன்ற ஆங்கிலச் சொற்களின் கடைசி எழுத்தைப் பெரும்பாலும் ஒலிக்க வேண்டாம், அங்கே ஒலித்தால் அசை கூடிவிடும்.

முதல் வரி மட்டும் உங்களை ஏமாற்றும். அது முதல் அசை இல்லாத வரி. ‘வான்’ (whan) என்ற முதல் சொல்லிலேயே அழுத்தம் விழுகிறது. விரலால் மேசையைத் தட்டிக்கொண்டே படியுங்கள், ஐந்து தட்டு சரியாக வரும்.

எழுத்தை இக்காலத்துக்கு மாற்றிய பதிப்பை எடுக்காதீர்கள். அதில் இந்தக் கடைசி எழுத்துகளை வெட்டியிருப்பார்கள். பதினைந்தாம் நூற்றாண்டிலேயே பேச்சில் அந்த ஒலி மறைந்துவிட்டதால், 1700இல் கவிஞர் டிரைடனே சாசரின் ஓசை கரடுமுரடானது என்று எழுதினார். 1775இல் டிர்விட் என்ற அறிஞரின் பதிப்பு வந்த பிறகுதான் சாசர் மேல் இருந்த அந்தப் பழி நீங்கத் தொடங்கியது.

பழைய ஏடு
மல்லிகா அக்கா ஓசையைச் சொல்லிவிட்டார். நான் வணிகனுக்கு வருகிறேன்.

அவன் கம்பளி வியாபாரி. அன்றைய இங்கிலாந்தின் பெரிய ஏற்றுமதி ஆட்டு ரோமம். மூட்டை ஒன்று 364 பவுண்டு எடை. அரசு குறித்த ஒரே ஊர் வழியாகத்தான் அதை வெளிநாட்டில் இறக்க முடியும், வரி வசூலிக்க அதுதான் வசதி. 1384 முதல் 1388 வரை அந்த ஊர் இன்றைய நெதர்லாந்தில் உள்ள சீலாந்தின் மிடில்பர்க். அதன்பின் மறுபடி பிரெஞ்சுக் கரையில் உள்ள கலே. எனவே இந்த வரிகளின் காலத்தைக்கூட இதை வைத்துக் கணிக்கிறார்கள். ஆர்வெல், இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் இப்ஸ்விச் பக்கத்துக் கழிமுகம். இரண்டுக்கும் நடுவே கடற்கொள்ளைத் தொல்லை, அதனால்தான் என்ன ஆனாலும் அந்தக் கடலைக் காக்க வேண்டும் என்கிறான். மலாக்கா நீரிணையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சாசர் இதைக் கேள்விப்பட்டு எழுதவில்லை. 1374 முதல் 1386 வரை லண்டன் துறைமுகத்தில் கம்பளிச் சுங்கக் கணக்கைக் கண்காணித்தவர், கணக்கைத் தன் கையாலேயே எழுத வேண்டும் என்பது நியமன நிபந்தனை. இப்படிப்பட்ட வணிகர்கள் நாள்தோறும் அவர் முன் வந்து நின்றிருப்பார்கள்.

ஒரு சொல்லில் பலர் தவறுவார்கள். அவன் ‘ஷீல்ட்’ விற்கிறான் என்று வரும். போர்க் கேடயம் என்று படித்தால் பொருள் கெட்டது. அது கேடயம் பொறித்த பிரெஞ்சு நாணயமான எகூ. நாணய மாற்றில் லாபம் பார்க்கிறான் என்பது பொருள். அடுத்தாற்போல, அவன் கடனில் இருப்பது யாருக்கும் தெரியாது என்கிறார். ஊருக்குத் தெரியாதது கதைசொல்லிக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? அந்த வரியில் குழுவை ஐந்து நிமிடம் நிறுத்திவையுங்கள்.

ஈசூன் வளவன்
ரொம்ப நன்றி. ‘ட்ரோஹ்ட்டாஃப்’ என்று படித்ததும் வரி உடனே நேரானது. அடுத்து அதே காலத்து நெடுங்கவிதை பியர்ஸ் ப்ளவ்மன் எடுக்கலாமா? அதற்கும் இதே முறைதானா?

செங்காங் மல்லிகா
இல்லை, அங்கே அசையை எண்ணாதீர்கள். அது மோனை யாப்பு: வரிக்கு நான்கு அழுத்தம், முதல் மூன்றில் மோனை, நான்காவது பெரும்பாலும் தனித்து நிற்கும். இரண்டாம் வரியில் ஷோப், ஷ்ரூட், ஷேப், பிறகு வேர். நம் மோனையில் ‘அ’வுக்கு ‘ஆ, ஐ, ஔ’தான் இனம், அங்கே எந்த உயிரும் எந்த உயிரோடும் சேரும். அந்தக் கவிதைக்கு ஏ, பி, சி என மூன்று வடிவங்கள் உண்டு, பி வடிவத்தை எடுங்கள்.