கரையிறங்கலாமா என்று கேட்டார்கள்

சியாட்டிலிலிருந்து:

2023 ஜூலைக் கடைசி. இந்த ஊருக்கு வந்து இத்தனை வருடத்தில் ஆல்கை கடற்கரை எனக்கு ஞாயிற்றுக்கிழமை காற்று வாங்கும் இடம், அவ்வளவுதான். அன்றைக்குக் காரை நாலு தெரு தள்ளி விட்டுவிட்டு வந்து பார்த்தால் கரை கொள்ளாத கூட்டம், கடல் முழுக்க வள்ளங்கள். பசிபிக் வடமேற்குப் பழங்குடிகள் ஊர் ஊராகத் தங்கித் துடுப்புப் போட்டு வரும் பயணம். அந்த வருடம் விருந்து கொடுத்தது மக்கில்ஷூட் மக்கள்.

"அம்மா, எவ்வளவு போட்!" என்று கத்தினான் என் பையன். பக்கத்தில் மடக்கு நாற்காலியில் இருந்த பாட்டி திரும்பிப் பார்த்துச் சிரித்தார். வள்ளத்தில் இருப்பவர் அதைப் 'போட்' என்று சொல்லிவிட்டால் தண்ணீரில் குதித்தே ஆக வேண்டுமாம். இந்தக் கடல் கோடையிலும் எப்படிச் சில்லிடும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

வள்ளங்கள் நேராக வந்து கரை ஏறவில்லை. சற்றுத் தள்ளியே நின்றன. ஒவ்வொன்றிலும் ஒருவர் எழுந்து, தாங்கள் யார், எந்த மண், களைத்து வந்திருக்கிறோம், சமாதானமாக வந்திருக்கிறோம், கரையிறங்கலாமா என்று கேட்கிறார். கரையிலிருந்து அனுமதி வந்த பிறகே இறங்குகிறார்கள். ஒரு வள்ளத்தில் பதினைந்து பதினாறு வயதுப் பெண் எழுந்தாள். தன் மொழியில் ஆரம்பித்தவள் பாதியில் நின்றுவிட்டாள். பின்னால் இருந்த கிழவர் ஏதோ ஒரு சொல் எடுத்துக் கொடுத்தார். அப்புறம் ஒரே மூச்சில் முடித்தாள்.

1851 நவம்பரில் வெள்ளைக்காரக் குடியேறிகள் வந்திறங்கியதும் இதே கரைதான். அதற்கு ஒரு நினைவுத்தூண் இருக்கிறது. அதன் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை முறை ஐஸ்கிரீம் தின்றிருக்கிறேன்!

போர்ட் ஏஞ்சலஸிலிருந்து:

அக்கா, நீங்கள் பார்த்தது கடைசி நாள் கோலாகலம். நான் நடுவழி ஆள். நியா பே ஊர்ப் பக்கமிருந்து நீரிணை வழியாக வருகிறவர்கள், இங்குள்ள கிளாலம் பழங்குடிகளின் இடமான லோயர் எல்வாவில் இரவு தங்குவார்கள். ஒரு வருடம் அங்கே பாத்திரம் கழுவப் போனேன். வந்தவர்களின் உள்ளங்கையெல்லாம் கொப்புளம். துடுப்புப் போடுகிறவர்களை இங்கே 'புல்லர்' என்கிறார்கள், அதாவது இழுப்பவர். நம் மீனவர்களும் துடுப்பு வலிப்பதாகத்தானே சொல்கிறார்கள்!

என்னோடு தட்டு துடைத்த ஒரு தாத்தா எல்வா ஆற்றைப் பற்றிச் சொன்னார். 1913இல் ஓர் அணை, 1927இல் இன்னொன்று. கிளாலம் மக்கள் தாங்கள் படைக்கப்பட்டதாக நம்பும் இடமே நீரில் மூழ்கிப்போனது. அவர் அதைப் பாட்டி வாய்ச்சொல்லாக மட்டுமே கேட்டவர். 2011இல் அணைகளை இடிக்கத் தொடங்கினார்கள். நீர் வடிந்ததும், அடுத்த வருடம் அந்த இடம் வெளியே வந்தது. பேத்தியைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாராம். "என்ன சொன்னாள்?" என்று கேட்டேன். தட்டை வாங்கி அடுக்கினார், பதில் சொல்லவில்லை.

வான்கூவரிலிருந்து:

இது அறுபடாமல் வந்த திருவிழா என்று நினைத்துவிடாதீர்கள். கனடாவில் 1885 முதல் 1951 வரை பழங்குடிகளின் பாட்லாட்ச் என்ற விருந்துச் சடங்கே சட்டப்படி குற்றம். பழங்குடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்துச் சேர்த்த விடுதிப் பள்ளிகளில் தாய்மொழி பேசினால் அடி. வள்ளம் குடையத் தெரிந்தவர்களும் குறைந்துகொண்டே வந்தார்கள். 1989இல், வாஷிங்டன் மாநில நூற்றாண்டை ஒட்டி, குவினால்ட் இனத்தைச் சேர்ந்த எம்மெட் ஆலிவர் 'சியாட்டிலுக்குத் துடுப்பு' பயணத்தை ஏற்பாடு செய்த பிறகுதான் மறுபடி சூடுபிடித்தது. அங்கே வந்த ஹெய்ல்ட்சுக் மக்கள் 1993க்குத் தங்கள் ஊரான பெல்லா பெல்லாவுக்கு எல்லோரையும் அழைத்தார்கள்.

ஒரு கொட்டகையில் வள்ளம் செய்வதைப் பார்த்திருக்கிறேன். செந்தேவதாரு மரத்தைக் குடைந்து, உள்ளே தண்ணீர் ஊற்றி, பழுக்கக் காய்ச்சிய கற்களைப் போட்டு மூடுகிறார்கள். ஆவியில் மரம் இளகி மெல்ல விரிகிறது. விளக்கம் கேட்ட என் கையில் பெரியவர் ஒரு துடைப்பத்தைக் கொடுத்தார். மதியம் வரை செதுக்குத்தூளைப் பெருக்கினேன். அப்புறம்தான் பேசினார்.

மறுபடி சியாட்டிலிலிருந்து:

தம்பி, எனக்கும் அந்தத் தாத்தாவின் மௌனம் புரிகிற மாதிரி இருக்கிறது. அண்ணா, துடைப்பம் உங்களுக்கு வேண்டியதுதான்! போகிறவர்களுக்கு ஒன்று: பயணம் முழுக்க மதுவும் போதையும் கூடாது, கரையில் நிற்பவர்களும் அதை மதிக்க வேண்டும். படம் எடுக்குமுன் கேளுங்கள். என் பையன் இப்போது குளியல் தொட்டி பொம்மையைக்கூடப் போட் என்று சொல்லவிடுவதில்லை. நேற்று அவன் அப்பா வாய் தவறிச் சொல்லிவிட்டு, சட்டையோடு நனைந்தார்.