சண்டை நடக்காத ஆண்டெல்லாம் சமாதானக் கணக்கா?

எக்செல்பித்தன்:
நாடுகளை ஜோடி ஜோடியாகப் போட்டு 1900லிருந்து ஒரு அட்டவணை தயார் செய்கிறேன். போர் நடந்த ஆண்டுக்கு 1, மற்றதற்கு 0. அர்ஜென்டினா-சிலி வரிசை முழுக்க 0. ஆனால் 1978 டிசம்பரில் இரண்டு பேரும் அடித்துக்கொள்ளாத குறைதான் என்று படிக்கிறேன். அந்த 0வும் இன்றைய 0வும் ஒன்றுதானா?

தெற்குமுனை:
ஒன்றில்லை. நீங்கள் எண்ணுவது சாவை, சமாதானத்தை இல்லை. அரசியல் ஆய்வாளர் டேவிட் சிங்கர் 1963இல் மிச்சிகனில் ஆரம்பித்த போர்த் தரவுத் திட்டத்திலும் போர் என்றால் களத்தில் 1000 பேராவது இறந்திருக்க வேண்டும். அதற்குக் கீழே நடப்பதைப் பிடிக்கத்தான் பின்னால் மிரட்டல், படையைக் காட்டுதல், தாக்குதல் என்று தனியாகத் தரம் பிரித்தார்கள்.

1978ஐ எடுங்கள். தென் அமெரிக்காவின் தென்கோடியில் பீகிள் கால்வாய்ப் பக்கம் பிக்டன், லெனாக்ஸ், நுவேவா என்று மூன்று குட்டித் தீவுகள். 1977இல் நடுவர் தீர்ப்பு சிலிக்குச் சாதகமாக வர, அர்ஜென்டினா ஏற்க மாட்டேன் என்றது. கப்பல்கள் கிளம்பிவிட்டன, சிலி எல்லையில் கண்ணிவெடி புதைத்தது, கடைசி நேரத்தில் போப் தலையிட்டார். ஒப்பந்தம் கையெழுத்தானது 1984இல்தான்.

கோர்ட்ஸ், டீல், பாலாஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இரு நாட்டு உறவுக்குக் கடும்பகையில் தொடங்கி ஐந்து படி வைக்கிறார்கள், அதைப் பாருங்கள். நடுப்படி வெறும் சண்டையின்மை. மேல்படிக்குப் போனால் ஒருவரோடு ஒருவர் போர் என்ற நினைப்பே கிடையாது.

சந்தேகப்பிராணி:
படி எல்லாம் சரி, எந்த ஆண்டில் ஏறினார்கள் என்று எப்படிச் சொல்வீர்கள்? 1904இல் ஆண்டிஸ் கணவாயில் இரு நாட்டு எல்லையிலேயே சமாதானச் சின்னமாக இயேசு சிலை வைத்தார்கள். அன்றைக்கு நீங்கள் உட்கார்ந்து மார்க் போட்டிருந்தால் உச்சப்படிதானே கொடுத்திருப்பீர்கள்? 74 வருஷம் கழித்து என்ன ஆச்சு? அப்புறம் 1984 என்கிறீர்களே, சிலி தன் கண்ணிவெடிகளைத் தோண்டி முடித்ததே 2020இல்.

தெற்குமுனை:
நியாயம். சிலையை நான் கணக்கில் எடுக்கமாட்டேன், யார் வேண்டுமானாலும் வைக்கலாம். படைகள் என்ன செய்கின்றன என்று பார்ப்பேன். இப்போது இரண்டும் சேர்ந்து ஐ.நா. பணிக்காக தெற்குச் சிலுவை என்று ஒரு கூட்டுப்படை வைத்திருக்கின்றன.

எக்செல்பித்தன்:
அப்போ எல்லைத் தகராறு மிச்சமே இல்லையா?

சந்தேகப்பிராணி:
இருக்கிறதே! தெற்கே பனிவயலில் ஒரு துண்டு இன்னும் பிரிக்கப்படவில்லை. சிலி வரைபடத்தில் அந்த இடத்தில் கோடு இருக்காது, ஒரு செவ்வகம்தான் இருக்கும்.

எக்செல்பித்தன்:
அதற்கு என்ன நம்பர் போடுவது ஐயா…

தெற்குமுனை:
அந்த ஐந்து படியில் 4 போட்டுவிட்டு பக்கத்தில் குறிப்பு எழுதுங்கள்.