சந்தா கட்டாமல் அழைப்பிதழும் பதாகையும் வடிவமைத்த அனுபவம்

திருகோணமலையில் அழைப்பிதழ், பதாகை, பெயர்ப்பலகை ஆகியவற்றை வடிவமைத்துக் கொடுக்கும் எங்களைப் போன்ற சிறு தொழில் செய்பவர்களை 2022ஆம் ஆண்டு கடுமையாகத் தாக்கியது. ஆண்டுத் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபாயை எட்டியதால், மென்பொருள் நிறுவனங்கள் விலையைக் கூட்டாமலே மாதச் சந்தாவின் சுமை எங்களுக்கு ஏறிவிட்டது. புதிய பதிப்புகளைச் சந்தா முறையில் மட்டுமே தருவதென, ஃபோட்டோஷொப்பைத் தயாரிக்கும் அடோபி நிறுவனம் 2013இலேயே அறிவித்திருந்தபடியால், மாற்று வழி தேடுவதைத் தவிர வேறு தெரிவு இருக்கவில்லை.

புகைப்படத் திருத்தத்துக்குக் கிம்ப் என்ற இலவச மென்பொருள் போதுமாக இருந்தது. அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உண்மையான சோதனை தமிழ் எழுத்திலேதான் வந்தது. ஒரே தடவை பணம் கொடுத்து வாங்கும் மென்பொருளொன்றின் சோதனைப் பதிப்பில் 'கோணேஸ்வரர்' என்று தட்டச்சு செய்தபோது, கொம்பும் காலும் தத்தம் இடத்தில் அமராமல் எழுத்து சிதறியது. முன்னைய வடிவமைப்பாளர்கள் பாமினி எழுத்துருவை விடாமல் பிடித்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்: அதில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் வைக்கப்பட்டிருப்பதால் எந்த மென்பொருளிலும் சரியாகத் தெரியும், ஆனால் அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே மிஞ்சும்.

இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் யூனிகோட் தமிழ், அதாவது ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி இடம் தரும் பொதுக் குறிமுறையில் தட்டச்சிட்ட தமிழ், முறையாக அமைந்தது. சிங்களமும் அவ்வாறே அமைந்ததால், மும்மொழிப் பெயர்ப்பலகைகளை ஒரே கோப்பில் முடிக்க முடிந்தது. எங்கள் ஊரில் இது மிகப் பெரிய உதவி என்றே கருதுகிறேன். நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரன் போன்ற எழுத்துருக்களை வணிக வேலைக்கும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். அச்சகத்தில் அதே எழுத்துரு இல்லாதிருக்கலாம் என்பதால், கோப்பை ஒப்படைக்கும் முன் எழுத்துகளை வெறும் கோட்டுருவங்களாக மாற்றிவிடுவது அவசியம். மாற்றிய பின் சொற்களைத் திருத்த முடியாதாகையால், மூலக் கோப்பை வேறாகச் சேமித்து வைக்க வேண்டும். கோயில் திருவிழா அழைப்பிதழ்களில் உபயகாரர் பெயர் கடைசி நேரத்தில் மாறுவது வழக்கம்.

இங்க்ஸ்கேப்பின் குறை நிறத்தில் உள்ளது. அது திரைக்குரிய சிவப்பு, பச்சை, நீல முறையிலேயே வேலை செய்வதால், நான்கு மை கொண்ட ஓப்செட் அச்சில் பளிச்சென்ற பச்சையும் நீலமும் மங்கிவிடும். ஆகவே எழுத்துகளைக் கோட்டுருவமாக்கிய வடிவமைப்பை ஸ்கிரைபஸ் என்ற இலவசப் பக்க வடிவமைப்பு மென்பொருளுக்குக் கொண்டு சென்று, மை அளவுகளை அங்கே குறித்து, அச்சுக்குரிய பி.டி.எஃப் கோப்பாக எடுக்கிறேன். இரண்டு மென்பொருள்களைக் கற்பது முதலில் அலுப்பாக இருந்தாலும், கலியாண அழைப்பிதழ் போன்ற நிறம் பிசகக்கூடாத வேலைகளில் இந்தக் கூடுதல் படியை நான் ஒருபோதும் தவிர்ப்பதில்லை.

இணையவழி வடிவமைப்புச் சேவையான கன்வா 2024இல் வாங்கிய அஃபினிட்டி என்ற வடிவமைப்பு மென்பொருள், 2025 ஒக்டோபர் முதல் கன்வா கணக்கு உள்ளவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. அதற்கு மாற எண்ணுவோர், 'கௌரி', 'ஸ்ரீ', 'கொட்டியாபுரம்' ஆகிய சொற்களை முதலில் அதில் தட்டச்சு செய்து, பி.டி.எஃப் ஆக்கி, தமது அச்சகத்தில் ஒரு தாள் அச்சிட்டுப் பார்ப்பது நல்லது.